வலமாகத்தான் சுத்தவேணும்

என்ன மணம் இது?

மூன்று நாளாக எங்கள் வீட்டு ஹோலில் நிற்கிறது. ஊறிய புல், மாட்டுச் சாணம், பழந்தண்ணீர்... எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போட்டு மூடி வைத்ததுபோல. “ஒண்டில் அந்தச் சப்பாத்து வெளியிலை போகவேணும், இல்லாட்டி நீங்கள் போகவேணும்” என்கிறாள் மனைவி. எனக்கோ மனம் வரவில்லை. மூக்கில் அது ஏறும்போதெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருகிறதே!

அந்த ஞாயிறின் நாயகர் சிவபாலன் அண்ணை. ஈஸ்ட் ஹாமில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ரயில் ஸ்டேஷன் ஒன்றில் டிக்கெட் பார்க்கிற வேலை. நான்கு மாதத்துக்கு முன் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். “இனி நீங்கள் வேலைக்குப் போகலாம், நன்றாக நடக்கவேண்டும்” என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வீட்டில் அவரைவிடப் பெரிய டொக்டர் ஒருவர் உண்டு — அண்ணையின் மனைவி, பவளம் அக்கா.

அக்கா அவரைத் தேநீர்க் கேத்தல் தூக்கவும் விடுவதில்லை. அவர் தெரு முனை வரை போனால் ஜன்னல் திரை விலகும். அவருடைய யூனிபோர்மை மடித்து, சூட்கேசில் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன் ஹாண்ட்பாக்கில் போட்டுவிட்டார். “உழைச்சது போதும். வீட்டிலை இருங்கோ.”

வீட்டில் இருந்து, இருந்து... “தம்பி, எங்கடை வோல்பேப்பரிலை எத்தினை பூ எண்டு எனக்குப் பாடம்” என்றார் அண்ணை ஒரு நாள். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா? லைப்ரரியிலிருந்து நடைவழி காட்டும் ஒரு தாள் கொண்டு வந்தேன். லண்டனுக்கு வெளியே, ரயிலில் ஒரு மணித்தியாலம் போய், ஐந்து மைல் நடை. சின்ன ஸ்டேஷன் ஒன்றில் தொடங்கி, வயல்களைக் கடந்து, வெள்ளைக்காரர் ‘மூர்’ என்று சொல்லும் தாழ்ந்த ஈரநிலத்தைச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்குத் திரும்பலாம். (ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்களும் போய்த் தொலைந்தால் இந்தப் பத்தியை யார் வாசிப்பது?)

அக்கா தாளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தீர்ப்பு சொன்னார்.

“நானும் வருவன். ஒரு சுத்து முழுக்க, நெஞ்சைப் பிடிக்காமல், ஒரு வாகனத்திலையும் ஏறாமல் இவர் நடந்து முடிச்சால் யூனிபோர்ம் வெளியிலை வரும். இல்லாட்டி அந்தக் கதையை இனி ஒருத்தரும் எடுக்கக் கூடாது.”

அண்ணை என்னைப் பார்த்தார். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்கிற பெடியனின் முகம்.

ஞாயிறு காலை ரயிலில் ஏறினோம். அக்கா சேலை, அதன் மேல் தொப்பி வைத்த அனோராக் மழைக்கோட்டு, காலில் மகளின் ட்ரெய்னர்ஸ் சப்பாத்து. பாதி வழியில் என் கையிலிருந்த தாளை வாங்கி, படத்தில் இருந்த அம்புக்குறிகளை விரலால் தடவிக்கொண்டே போனவர் திடீரென்று விரலை நிறுத்தினார்.

“தம்பி, இது இடமாச் சுத்துது.”

“அதுக்கென்ன அக்கா? சுத்து சுத்துத்தானே.”

“என்ன விசர்க்கதை! இடமாச் சுத்துறது சுடலையிலை. செத்துப் பிழைச்ச மனுசனை நான் இடமாச் சுத்த விடுவனோ? வலமாத்தான் சுத்தவேணும்.”

“இது கோயில் இல்லையப்பா. மாடு மேயிற இடம்” என்றார் அண்ணை.

“மாடு நிண்டால் கோயில்தானே!”



எனக்கு ஒரு யோசனை வந்தது. வாசகர்களே, எனக்கு யோசனை வருகிற நாட்களில் என்னோடு எங்கும் போகாதீர்கள். “கடைசியிலிருந்து முதலுக்கு வாசிப்பம். எழுதினவன் இடம் எண்டால் நாங்கள் வலம், வலம் எண்டால் இடம்” என்றேன். தாளில் பதினான்கு குறிப்புகள். பதினான்காவதில் தொடங்கினோம்.

முதலில் எல்லாம் அழகாய்த்தான் போனது. அதுவல்லவா நிலம்! ஏறியும் இறங்கியும் பாசாங்கு செய்யாமல் அப்படியே படுத்துக் கிடக்கிற நிலம். வானம் இறங்கி வந்து வாய்க்கால்களில் நீட்டி நிமிர்ந்திருந்தது. ஆட்காட்டிக் குருவி ஒன்று எங்களைத் திட்டிக்கொண்டே கூட வந்தது. வேலி தாண்டுகிற மரப்படிகளில் அண்ணை முதலில் ஏறி இறங்கி, அக்காவுக்குக் கை நீட்டினார். அக்கா கையைப் பிடித்தார்... இறங்கிய பிறகும் விடவில்லை. பாசம் என்று நினைத்தேன். பிறகுதான் கண்டேன், விரல் நாடியில் இருந்தது!

ஒன்பதாம் குறிப்பில்தான் வந்தது வினை. ‘தூரத்தில் தெரியும் கறுப்புக் கொட்டிலை நோக்கி நேரே நடக்கவும்’. நாங்களோ கொட்டிலடியில் நிற்கிறோம். அப்படியென்றால் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நடக்கவேண்டும். சரிதானே? நான் நடந்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன் — கொட்டில் இருந்தது. இன்னும் கொஞ்சம் நடந்து திரும்பினேன் — இருந்தது. எவ்வளவு துல்லியமான வழிகாட்டி நான்!

எந்தத் திசையில் போனாலும் கொட்டில் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும் என்பது, அக்காவின் வலது கால் முழங்கால் வரை கறுப்புச் சேற்றுக்குள் போனபோதுதான் எனக்கு உறைத்தது.

“ஐயோ! இழுக்குது!”

நான் செய்தது என்ன? தாளைப் பார்த்தேன். மறைக்க என்ன இருக்கிறது, அதைத்தான் செய்தேன். சேற்றைப் பற்றி அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று!

அண்ணை அதற்குள் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அக்காவின் அக்குளுக்குள் இரண்டு கையையும் கொடுத்துவிட்டார். “அண்ணை, விடுங்கோ, நெஞ்சு!” என்று கத்தினேன். “விட்டால் ஆர் இழுக்கிறது, நீரோ?” என்றார். நான்கு மாதமாகக் கேத்தல் தூக்காத கை. ஒரு இழுவை. இன்னொன்று. நிலம் ஒரு பெரிய முத்தச் சத்தத்தோடு அக்காவை விட்டது. ட்ரெய்னரை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டது. அண்ணை முழங்கை வரை கையை விட்டு அதையும் பிடுங்கி எடுத்தார்.

பிறகு அவர் நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கினார். அக்கா ஒற்றைக் காலில் சப்பாத்தோடு அவர் கிட்டப் போய், காதை அவர் நெஞ்சில் வைத்தார். வைத்தபடியே நின்றார்... குருவிகூட வாயை மூடிவிட்டது.

“படபட எண்டு அடிக்குது.”

“உம்மைத் தூக்கினால் ஆருக்கப்பா அடிக்காது?”

அக்கா சிரித்தாரா, அழுதாரா? முகம் அனோராக் தொப்பிக்குள் இருந்தது. எனக்குத் தெரியவில்லை.

அந்நேரம் ஒரு ட்ராக்டர் வந்தது. ஓட்டி வந்த பண்ணைக்காரி எங்களை ஒருமுறை பார்த்தாள். “வழி தவறிவிட்டீர்களா?”

“நோ, நோ!” அண்ணையும் நானும் ஒரே குரலில். அண்ணைக்குத் தாடை வரை சேறு, எனக்குச் சப்பாத்து நிறைய.

“பின்னால் ட்ரெய்லரில் ஏறுங்கள். பத்து நிமிடத்தில் ஸ்டேஷனில் விடுகிறேன்.”

அக்காவின் கண் ட்ரெய்லரிலேயே நின்றது. ஈரச் சேலை, சேறு அப்பிய வெறுங்கால். அண்ணை மெல்லச் சொன்னார்: “நீர் ஏறும். நான் நடந்துதான் வருவன். பேச்சு பேச்சுத்தானே.” குரலில் பிடிவாதம் இல்லை. பயம்தான் இருந்தது — இத்தனை தூரம் வந்து தோற்றுப்போகிற பயம்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, எந்தப் பக்கத்தாலை போவா எண்டு கேளும்.”

கேட்டேன். பண்ணைக்காரி நாங்கள் வந்த பக்கமே கையைக் காட்டினாள்.

“திரும்பிப் போனால் இடம்” என்றார் அக்கா. சப்பாத்துக்குள் காலைத் திணித்தார். “வேண்டாம். நடப்பம்.”

பண்ணைக்காரி தோளைக் குலுக்கிக்கொண்டு, போகவேண்டிய வரப்பைக் காட்டிவிட்டுப் போனாள். ஐந்து மைல் எட்டு மைலானது. கடைசி மைலில் யார் நோயாளி, யார் காவல் என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்க முடியாது. அக்கா அவருடைய தோளில் சாய்ந்து வந்தார். ஹாண்ட்பாக்கை அண்ணை தூக்கி வந்தார், திறப்பும் அதற்குள்தான். நானோ, என் பங்குக்கு, தாளைத் தூக்கி வந்தேன்.

ஒரு வீட்டில் வழி தெரிந்தவர் ஒருவரும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. திசையை விடாதவர் ஒருவர் இருந்தால் எப்படியோ வந்து சேர்ந்துவிடலாம் போலிருக்கிறது. சேறு இலவசம்.

ரயிலில் அக்கா யூனிபோர்மைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை; அண்ணை கண்ணாலேயே ‘கேளாதையும்’ என்றார். ஈஸ்ட் ஹாமில் இறங்கி, பிரிகிற முனைக்கு வந்தோம். அக்கா அண்ணையிடமிருந்து ஹாண்ட்பாக்கை வாங்கி, துழாவி, திறப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“வாற கிழமையிலிருந்து போங்கோ. ஆனா ஒண்டு, முதல் நாள் ஸ்டேஷனை ஒருக்கா வலமாச் சுத்திப்போட்டுத்தான் உள்ளுக்குப் போகவேணும்.”

“ஸ்டேஷனைச் சுத்த ஏலாதப்பா. பின்னாலை தண்டவாளம்.”

“அப்ப நிண்ட இடத்திலை நிண்டு சுத்துங்கோ!”