ஏழாம் பங்கேற்பாளர்

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். மனித–கணினி ஊடாட்ட ஆராய்ச்சியில் இன்டர்ன்ஷிப் வாங்குவது எப்படி, அதை வேலையாக மாற்றிக்கொள்வது எப்படி, போர்ட்ஃபோலியோவில் எத்தனை ஆய்வு இருந்தால் போதும். எல்லாம் நல்ல பிள்ளைகள். பதில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியோடு மூடி வைத்துவிடுகிறேன். எனக்கு எப்படி வேலை கிடைத்தது என்பதை ஒருமுறையாவது முழுதாக எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

இது என்ன படிப்பு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கும் இது புரிந்ததில்லை. கல்லூரியில் இடம் கிடைத்தபோது குண்டடத்துச் சித்தி கேட்டார்.

"ஏங்கண்ணு, கம்ப்யூட்டர் ரிப்பேர் படிப்பா?"

"இல்லீங்க சித்தி. மனுசங்க கம்ப்யூட்டர எப்படிப் பொழங்கறாங்கன்னு பாக்கறதுங்க."

"பாத்து?"

"பாத்துச் சொல்றதுங்க."

"அதுக்கா இத்தன வருசம்?" என்று சித்தி அடுப்படிக்குள் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. எவ்வளவு பெரிய படிப்பு, இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த திமிரை இப்போது நினைத்தால் கூசுகிறது.

இன்டர்ன்ஷிப் கொடுத்தது பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனம். பனியன் கம்பெனிகளில் தையல் லைனில் ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு டேப்லெட் மாட்டிவிடுவது அவர்கள் தொழில். டைலர் எத்தனை பீஸ் தைத்தார், எத்தனை நிமிடம் சும்மா இருந்தார், ஏன் சும்மா இருந்தார் என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். வேலை நின்றால் டைலர் காரணத்தை அழுத்த வேண்டும். நூல், மிஷின் ரிப்பேர், ஊசி, பிரேக் என்று நான்கு பட்டன்கள். முதல் மூன்றும் கம்பெனியின் குறை என்று கணக்கு. பிரேக் அழுத்தினால் மட்டும் அது டைலரின் குறை. சூப்பர்வைசரின் செல்போனில் அந்த மிஷின் சிவப்பாக எரியும்.

அந்தத் திரையைப் பெண்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து எழுத ஆள் தேவைப்பட்டது. தமிழ் தெரிந்த, அதிலும் திருப்பூர்க்காரப் பெண் என்றதும் என் மேலாளருக்கு வாயெல்லாம் பல். வீரபாண்டியில் இருந்த ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஆறு வாரம் அனுப்பி வைத்தார்.

போகும் முன்பு கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் ஒப்புதல் வாங்க வேண்டும். பங்கேற்பாளரின் பெயர் வரக் கூடாது, முகம் தெரியக் கூடாது, விருப்பம் இல்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இதையெல்லாம் தமிழில் இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அந்தத் தாளை நான் நீட்ட, என் பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றுகொண்டு, "போடுங்கக்கா, சும்மா கையெழுத்துத்தானுங்க, போட்டு உடுங்க" என்றார். ஆய்வுக்கு எடுத்த பன்னிரண்டு டைலர்களும் ஒரு வரி படிக்காமல் போட்டார்கள். நான் அவற்றை ஒழுங்காக அடுக்கி ஃபைலில் வைத்தேன். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, அதற்கு ஃபைல் போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஏழாவதாகக் கையெழுத்துப் போட்டவர் டீ-சர்ட்டுக்குக் கழுத்து ரிப், அதாவது கழுத்தைச் சுற்றி வரும் பட்டை, வைக்கும் டைலர். கோவில்பட்டிப் பக்கத்து ஊர். நாற்பதை ஒட்டிய வயது. ஓவர்லாக் மிஷினில் அவர் கழுத்தைச் சுற்றி ரிப்பை ஓட்டுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். என் குறிப்பேட்டில் அவர் 'ஏழாம் பங்கேற்பாளர்'. நேரில் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

இவ்வளவு கை தேர்ந்தவரின் மிஷினில்தான் லைனிலேயே அதிகமாக ஊசி உடைந்தது. ஒரு நாளில் நான்கு, ஐந்து. திரையில் அதைப் பார்த்ததும் எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பனியன் கம்பெனியில் ஊசி உடைவது லேசான விஷயம் இல்லை. உடைந்த துண்டு துணியில் தங்கிவிட்டால் எங்கோ ஒரு குழந்தையின் கழுத்தில் குத்தும். அதனால் எல்லாத் துண்டையும் பொறுக்கிக் கொண்டுபோய், ஹால் கடைசியில் இருக்கும் மேஜையில் ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள். போய்வர எப்படியும் பத்து நிமிடம் ஆகும்.

மூன்றாம் வாரம், சாப்பாட்டு நேரத்தில், அவராகவே சொன்னார்.

"சிரிக்கக் கூடாது மேடம். எனக்கு நீர்க்கடுப்பு. ரெண்டு மாசமாச்சு. ஆஸ்பத்திரில தண்ணி நெறைய குடிக்கச் சொல்லுதாக. குடிச்சா போகணும்லா? அடிக்கடி போனா செவப்பு எரியுது. லைன்ல பேரு கெட்டுப்போகுது."

"அதுக்கு என்னக்கா பண்றீங்க?"

"ஊசிய ஒடிக்கேன். கழத்தி, குறடு வச்சு நானே ஒடிச்சிருவேன். துண்டு கையிலயே இருக்கும், தேட வேண்டாம். மேஜைக்குப் பக்கத்துலதான கக்கூஸ் இருக்கு. போயிட்டு வந்து ஒட்டிட்டு, புது ஊசிய வாங்கிட்டு வந்துருவேன்." பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, "இருவது வருசமா தைக்கேன் மேடம். தானா ஒரு ஊசி ஒடிஞ்சு நாளாச்சு" என்றார்.

அந்தக் கழிப்பறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு மாடிப் பெண்களுக்கு நான்கு. தரை எந்நேரமும் சொதசொதவென்று இருக்கும். ஒன்றில் தாழ்ப்பாள் கிடையாது, வெளியே ஒருத்தி காவலுக்கு நிற்க வேண்டும். அந்த நாற்றம் கடைசி இரண்டு மிஷின்வரை வரும். எனக்கு அங்கே போக வேண்டிய அவசியம் வரவில்லை. ஆபீஸ் பாத்ரூம் சாவியைக் கொடுத்திருந்தார்கள். உள்ளே சோப்பும் ரூம் ஸ்பிரேயும் இருந்தன.

அன்று சாயங்காலமே மேலாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது வீடியோவில் தெரிந்தது. "தங்கம்! இது தங்கம்!" என்றார். எங்கள் துறையில் இதற்குப் பெரிய மதிப்பு. ஒரு மனுஷி இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழி தெரிந்துவிட்டால், வடிவமைப்பில் எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும் என்று பாடம் படித்திருக்கிறோம். ஒருத்தி சிறுநீர் எரிச்சலோடு ஊசியை ஒடித்துக்கொண்டிருக்கிறாள், நாங்கள் இரண்டு பேரும் திரையின் இரு பக்கமும் இருந்து பூரித்துப்போனோம். சீ.

நான் கெட்டது நினைத்து எழுதவில்லை. பரிந்துரையைப் பளிச்சென்றே எழுதினேன். பிரேக் பட்டனுக்குச் சிவப்பு வேண்டாம், கழிப்பறைக்குப் போவதைக் குறையாகக் கணக்கெடுக்க வேண்டாம் என்று. பெயர் இல்லை. வயதை மாற்றினேன். ஊரை எடுத்துவிட்டேன். படத்தில் முகத்தை மறைத்தேன். நெறிமுறைக் குழு கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். 'ஏழாம் பங்கேற்பாளர், கழுத்து ரிப் வைப்பவர்' என்று மட்டும் தலைப்பில் போட்டேன். என்ன வேலை என்று சொல்லாமல் ஊசிக் கதை புரியாது அல்லவா?

கடைசி வாரம் அந்தக் கம்பெனியின் ஏசி அறையில் நானே நின்று எல்லாவற்றையும் விளக்கினேன். மேனேஜர்கள் இருந்தார்கள், சூப்பர்வைசர் இருந்தார், என் மேலாளர் பெங்களூரிலிருந்து திரையில் இருந்தார். ஏழாம் பங்கேற்பாளரின் பக்கம் வந்ததும் சூப்பர்வைசர் சிரித்தார்.

"ரிப் வைக்கறது லைனுக்கு ஒரு ஆளுதானுங்களே மேடம். நீங்க நின்னது ரெண்டாவது லைனு. நம்ம கோவில்பட்டிக்காரம்மாங்க."

அறை முழுக்கச் சிரித்தது. ஒரு லைனில் ஒரு வேலைக்கு ஒரே டைலர். வேலையைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. பனியன் கம்பெனி வாசலில் வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். பங்கேற்பாளர், பங்கேற்பாளர் என்று ஆறு வாரம் எழுதி எழுதி, தெரிந்ததையே மறந்துபோயிருந்தேன். இருந்தாலும் மிச்சம் இருந்த பக்கங்களை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

வெளியே வந்து மேலாளரைக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம் என்று கெஞ்சினேன். வாடிக்கையாளரிடம் ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது, பயப்படாதே, உன் போர்ட்ஃபோலியோவே அந்தப் பக்கம்தான் என்றார். அதே பேச்சில், அதே குரலில், எனக்கு வேலையும் கொடுத்தார்.

இரண்டு நாளில் டேப்லெட்டில் புது மாற்றம் வந்துவிட்டது. பிரேக்கின் சிவப்பு அப்படியே இருந்தது. ஊசி பட்டனை அழுத்தினால் உடைந்த ஊசியை மிஷினோடு படம் எடுத்து அனுப்ப வேண்டும், சூப்பர்வைசர் வந்து பார்த்து ஓகே சொல்ல வேண்டும். கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுத்தேன், அவர்கள் தங்களுக்கு வேண்டிய பக்கத்திலிருந்து அடைத்துக்கொண்டார்கள்.

அன்று நான் லைனில் நின்றுகொண்டிருந்தேன். சூப்பர்வைசர் அக்காவின் மிஷினுக்குப் போய், ஹாலில் ஓடிக்கொண்டிருந்த பாட்டுச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி பேசினார். எங்கள் ஊர் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

"ஏனுங்கக்கா, இன்னிக்கு ஊசி எத்தனைங்க? அவசரமுங்களா? சொன்னீங்கன்னா நானே கூட்டிட்டுப் போறனுங்க."

லைன் சிரித்தது. என்ன என்று கேட்ட வடக்கத்திப் பையன்களுக்கு ஒருத்தி இந்தியிலும் சைகையிலும் விளக்கினாள். அவர்களும் சிரித்தார்கள். அக்கா தலையைத் தூக்கவில்லை. கை மட்டும் ரிப்பை ஓட்டிக்கொண்டே இருந்தது. நான் குறிப்பேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஏதோ எழுத வேண்டியது இருப்பதுபோல் குனிந்துகொண்டேன். சூப்பர்வைசர்மீது இருந்த அருவருப்பு பிறகு குறைந்துவிட்டது. நான் குனிந்ததன்மீது இன்னும் குறையவில்லை.

மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. கணக்கை முடித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டதாகப் பக்கத்து மிஷின் பெண் சொன்னாள். வீரபாண்டியிலேயேதான் குடியிருக்கிறார், காலையில் ரேஷன் கடை முக்கில் வேனுக்கு நிற்பார் என்று அவளே இடமும் சொன்னாள். நான் பெங்களூருக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது போனேன்.

சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கண் முதலில் என் கையைப் பார்த்தது. "நோட்டு கொண்டாரலையா மேடம்?" என்றார். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"உடம்பு எப்படிங்கக்கா இருக்கு?"

"இருக்கு."

"புதுக் கம்பெனில அந்த டேப்லெட் இருக்குங்களா?"

"இல்ல. இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. தண்ணியே குடிக்கதில்ல இப்ப."

"ஆஸ்பத்திரில குடிக்கச் சொன்னாங்களேக்கா."

அவர் வேன் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு வாரம் எத்தனை கேள்வி கேட்டேன், அத்தனைக்கும் வாய் வலிக்கப் பதில் சொன்ன மனுஷி. "மன்னிச்சிருங்கக்கா. உங்க பேர நான் எங்கயும் எழுதல. உங்களுக்கு நல்லது நடக்கட்டும்னுதாங்க எழுதுனேன்" என்றேன்.

வேன் வந்து நின்றது. உள்ளே இருந்த பெண்கள் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அக்கா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"பொய்யா எழுதியிருந்தியன்னா, இல்லவே இல்லன்னு அந்தாளுகூட சண்டை போட்டிருப்பேன் மேடம். நெசத்தையில்லா எழுதிட்டிய. நான் என்னத்தச் சொல்ல?"

வேன் போய்விட்டது. திங்கட்கிழமை நான் வேலையில் சேர்ந்தேன்.