பதவுரை டீச்சரின் பொதுப் பக்கம்

எங்கள் பள்ளியில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவர் 'பதவுரை டீச்சர்'. எந்தப் பாட்டை எடுத்தாலும் சொல்லுக்குச் சொல் பொருள் பிரித்து நோட்ஸ் கொடுத்துவிடுவார். அதனால் வந்த பெயர். அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் அந்த நோட்ஸ் இருபத்திரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. என் கணக்கு நோட்ஸை அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

நான் கணக்கு வாத்தியார். ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி. கம்ப்யூட்டர் அறைச் சாவியும் என்னிடம்தான். போன வருஷம் பள்ளிக்கு முப்பது டேப்லெட் வந்தன. வந்த வேகத்தில் அலமாரிக்குள் போய்த் தூங்கின. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று ஆளாளுக்கு நழுவினோம். சாவியைக் கேட்டு வந்து நின்றது பதவுரை டீச்சர் ஒருவர்தான். ஐம்பதை நெருங்கும் வயது. கணவர் பஸ் ஓட்டுகிறார், மகள் வேலைக்குப் போய்விட்டாள். விடுமுறை முழுக்க அந்த அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியையும் பென்சிலால் குறித்துக்கொண்டு கற்றார். 'அழுத்தவும். காத்திருக்கவும். அவசரப்பட்டு மறுபடி அழுத்த வேண்டாம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பள்ளி திறக்கட்டும், அப்புறம் யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம் என்றார்.

முதல் முயற்சி ஊற்றிக்கொண்டது. பாட்டின் வரிகள் சுழன்று வந்து விழுகிற மாதிரி ஸ்லைடு செய்து காட்டினார். பிள்ளைகள் சுழற்சியை ரசித்தார்கள், பாட்டைக் கோட்டை விட்டார்கள். டீச்சர் அசரவில்லை. அடுத்த வாரமே பொதுப் பக்கம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லா டேப்லெட்டிலும் ஒரே பக்கம் திறந்திருக்கும். அதுவே சுவரிலும் பெரிதாகத் தெரியும். பாட்டுக்கு இதுதான் பொருள் என்று யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் கோடு போட்டு அடிக்கலாம். பெயர் வராது. ஒரே ஒரு சட்டம், அடித்தால் கீழே காரணம் எழுத வேண்டும்.

வாரத்தில் இரண்டு பீரியட் பழைய இலக்கியத்துக்கு இருந்தன. அவற்றைக் கணக்குக்குத் தரச் சொல்லித் தலைமையாசிரியருக்கு எழுதிக் கேட்ட புண்ணியவான் நான்தான். தேர்வு நெருங்குகிறது, என் பாடமோ பாதியில் நிற்கிறது. வகுப்பை நேரில் பார்த்து முடிவு சொல்கிறேன், பிள்ளைகள் வாய் திறக்காவிட்டால் பீரியட் உங்களுக்கு என்றார் தலைமையாசிரியர். மறைக்க மனசு வரவில்லை, டீச்சரிடம் நானே சொல்லிவிட்டேன்.

"கேட்டது தப்பில்ல சார். ஆனா கிடைக்காது" என்றார்.

அன்றைக்கு எடுத்த பாட்டு நாலே வரி. கடல் கடந்து போன கணவன் சொன்ன நாளில் வரவில்லை. மனைவி தோழியிடம், தெருக்கதவைச் சாத்திவிடு என்கிறாள். அவ்வளவுதான். இந்தப் பாட்டுக்கு மட்டும் வேண்டுமென்றே நோட்ஸ் கொடுக்காமல் வைத்திருந்தார். தலைமையாசிரியர் கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார, நான் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றேன். அவரைப் பார்த்ததும் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஐந்து நிமிஷம் சுவர் வெறுமையாகவே இருந்தது. டீச்சர் மேஜையில் குனிந்து எதையோ தட்டினார். வருகைப் பதிவு என்று நினைத்தேன்.

சுவரில் ஒரு வரி வந்தது. 'குறித்த நாளில் வாராத கணவன்மேல் கொண்ட சினத்தால் தலைவி கதவை அடைக்கப் பணிக்கிறாள்.' அந்த நடை யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அதன்மேல் ஒரு கோடு விழுந்தது. கீழே காரணம்: 'கோபம்னா அவர் வந்தப்புறம்தானே சாத்தணும்? வரதுக்கு முன்னாடி சாத்தினா அவருக்கு எப்படித் தெரியும்?' அதற்குப் பிறகு பிடிக்க முடியவில்லை. காற்று அடிக்கிறது, அதனால்தான் என்று ஒரு குறும்பு எழுதியது; அதற்குப் பாட்டு எதுக்கு என்று இன்னொன்று அடித்தது. கடைசியில் ஒரு வரி வந்தது. 'தெருவில போற ஒவ்வொருத்தரையும் பார்த்து, இதுவும் அவர் இல்லன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம்னுதான்.' அதை மட்டும் யாரும் அடிக்கவில்லை.

தலைமையாசிரியர் எழுந்தார். அடிபட்டுக் கிடந்த முதல் வரியைக் காட்டி, அதுதானே சரியான விடை, தானும் அப்படித்தான் படித்ததாகவும் தேர்விலும் அதற்குத்தான் மார்க் என்றும் சொல்லி, யார் அடித்தது என்று கேட்டார். பிள்ளைகள் மறுபடி கையைக் கட்டிக்கொண்டார்கள். 'ஆமாம் சார், பிள்ளைகள் தெரியாமல் அடித்துவிட்டார்கள்' என்று டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நோட்ஸும் பிழைக்கும், பேரும் பிழைக்கும்.

டீச்சர் எழுந்து நின்றார். "அந்த வரி நான் எழுதினது சார். இருபத்திரண்டு வருஷமா இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். இவங்க அடிச்சதுதான் சரி. தேர்வுல ரெண்டையும் காரணத்தோட எழுதச் சொல்றேன்."

தலைமையாசிரியர் சுவரில் இருந்ததை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு, தட்டுவதெல்லாம் சரி, ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லையே என்றார்.

ஜன்னலோரம் ஒரு பெண் எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போகக்கூட வாய் திறந்து அனுமதி கேட்டறியாத பெண்.

"அடிச்சதும் நான்தான் சார், கடைசி வரியும் நான்தான். எங்கப்பா வெளிநாட்டுல இருக்காரு. பேசறேன்னு சொன்ன நேரம் தாண்டிட்டா, அம்மா போனை சைலண்ட்ல போட்டு பீரோவுல வெச்சிடுவாங்க. கோபம் இல்ல சார். போன் அடிக்கலைன்னு அவங்களுக்கே தெரியக்கூடாதுன்னுதான்."

தலைமையாசிரியர் உட்கார்ந்துவிட்டார். பாட்டை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். டீச்சர் படிக்கவில்லை, அந்தப் பெண்ணைப் படிக்க வைத்தார். தடுமாறாமல் படித்தாள். வெளியே போகும்போது தலைமையாசிரியர் என்னிடம், அந்த இரண்டு பீரியடும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார்.

பீரியட் போனதில் எனக்கு வருத்தமில்லை. சனிக்கிழமை வகுப்பு வைத்துப் பாடத்தை முடித்துக்கொள்வேன். பொறாமைதான், வெளிப்படையாகவே சொல்கிறேன். பத்தொன்பது வருஷமாகக் கரும்பலகையில் கணக்குப் போடுகிறேன். என் விடையை ஒரு பிள்ளைகூட அடித்ததில்லை. எல்லாம் சரியாக இருந்ததால் அல்ல என்று எனக்குத் தெரியும்.