பட்டணத்துக்குப் போகவில்லை

எங்கள் மூத்த பெண்ணுக்கு அப்போது நான்கு வயது. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அரியலூரிலிருந்து மாட்டு வண்டியில் இரண்டு மணி நேரம் போகவேண்டிய ஒரு கிராமத்தில் நான் பள்ளி ஆசிரியர். எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவன் என்ற கர்வம் எனக்கு இருந்தது. ஆனால் என் பிள்ளையிடம் ஏதோ வேறுபாடு இருப்பதை முதலில் கண்டவள் என் மனைவிதான்.

“ஏங்க, இவ என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கறா. தண்ணி வேணும்னா என் கையப் புடிச்சுக் குடத்து மேல வைக்கிறா. என்னமோ கரண்டிய எடுத்து வைக்கிற மாதிரி.”

“சில புள்ளைங்க மெதுவாத்தான் பேசும்” என்றேன்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். செவிடோ என்று நினைத்து அவள் முதுகுக்குப் பின்னால் தாம்பாளத்தைத் தட்டினேன். காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். ஓடைப்பக்கம் கல்லாகிப்போன சிப்பிகள் கிடைக்கும். அவற்றைப் பொறுக்கிவந்து, பெரியதிலிருந்து சிறியதுவரை சுவரோரம் அடுக்குவாள். யாராவது ஒன்றை நகர்த்திவிட்டால் போதும், தலையைக் கதவில் முட்டிக்கொள்வாள். வாயில் ஒரு சொல் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் கேட்ட பாட்டை மறுநாள் பிசகாமல் முனகுவாள்.

மனைவி ஒரு வருஷம் கெஞ்சிய பிறகுதான் திருச்சிக்கு ரயிலேறினோம். டாக்டர் வயதானவர். காதையும் நாக்கையும் பார்த்தார். பிறகு அவளைத் தரையில் விட்டுவிட்டு அரை மணி நேரம் கவனித்துக்கொண்டிருந்தார்.

“காது நல்லாருக்கு சார். மந்தபுத்தின்னு சொல்லவும் எனக்கு மனசு வரல. இது வேற என்னமோ. பேரு எனக்குத் தெரியல. பட்டணத்துல மனநோய் பாக்குற ஒருத்தருக்கு லெட்டர் தரேன், காட்டுங்க.”

“அங்கயே வச்சுக்குவாங்களா?”

“சில மாசம் வச்சுப் பாக்கணும்னு சொல்லலாம்.”

திரும்பி வரும்போது ரயிலில் மனைவி சொன்னாள், “போயிடலாங்க. என்னான்னாவது தெரிஞ்சுக்கலாம்.”

அவள் மடியில் தூங்கிய கைக்குழந்தையை, எங்கள் இளைய பெண்ணைக் காட்டினேன். “அக்கா பைத்தியம்னு எழுதிக் குடுத்துட்டா அப்பறம் யாரு அழிக்கிறது? நாளைக்கி இவள யாரு கட்டுவா?”

வீடு வந்ததும் கடிதத்தைப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில் மூத்தவள் நாள் முழுக்கத் தலையை முட்ட ஆரம்பித்தாள். சிப்பிகளை யாரும் நகர்த்தவில்லை; வைத்த இடத்திலேயே இருந்தன. “எல்லாம் பழக்கந்தான்” என்றேன். நெற்றி வீங்கிவிட்டதால், ஒரு துண்டால் அவள் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டிலோடு கட்டிவைத்தேன். இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் தலையணையில் சீழும் ரத்தமும் கிடந்தன. இடது காது உள்ளே புரையோடியிருந்தது. வலிக்கிறது என்று சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. அரியலூர் டாக்டர் சுத்தம் செய்தார். அந்தக் காது அதன் பிறகு கேட்கவே இல்லை.

மனைவி என்னைத் திட்டவில்லை. “அவ சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா. நமக்குத்தான் புரியல” என்றாள். “உங்களுக்குத்தான் புரியல” என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வாரமே கடிதத்தை எடுத்தேன். “வா, பட்டணம் போவோம்” என்றேன்.

அவள் மகளின் மணிக்கட்டில் சிவந்திருந்த தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னாள், “வேணாங்க. அங்கயும் கட்டித்தான போடுவாங்க.”

நாங்கள் போகவில்லை.

முப்பத்தொரு வயதில் இறக்கும்வரை மூத்தவள் எங்களோடு இருந்தாள். நான் துண்டை உதறித் தோளில் போடும்போதெல்லாம் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். கடைசிவரை போனாள். நான் துண்டு போடுவதையே விட்டுவிட்ட பிறகும், என் காலடி கேட்டால் போனாள்.

அவளுக்கு இருந்ததற்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது. சென்ற வருஷம் எங்கள் தெருவில் ஓர் இளம் தம்பதி தங்கள் குழந்தையைப் பற்றிச் சொன்னார்கள். முகத்தைப் பார்க்கமாட்டாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். “டாக்டர்கிட்ட காட்டலாமா சார், வேணாமா?” என்று கேட்டார்கள். “காட்டுங்க” என்றேன். காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதை அவர்களிடம் சொல்லவில்லை.