நேராகத்தான் இருந்தது தண்டவாளம்

முதலில் வளைந்தது தண்டவாளம்தான். கோளாறு என் கண்ணில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புந்தோங்கில் எங்கள் வீட்டுப் பின்னறையில், சுவரோரமாகப் போட்ட பன்னிரண்டு அடி மேசையில் பாரிட் புந்தார் ரயில் ஸ்டேஷனின் மாதிரியைச் செய்துகொண்டிருக்கிறேன். நிஜத்தில் இருப்பதில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஒரு தண்டவாளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பன்னிரண்டு மில்லிமீட்டர். என் கணவர் சின்னையா பிறந்த ஊர் அது. அதற்காக நான் அந்த ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அங்கே வயல் தட்டையாக இருக்கிறது, ரயில் பாதை நேராகப் போகிறது, மலை செய்யும் வேலை மிச்சம். அவ்வளவுதான் காரணம்.

ஜெலாப்பாங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷம் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சோல்டர் வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்ற வாரத்தில், கூட வேலை செய்த ஒருத்தி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே பித்தளைத் தகட்டில் வெட்டிய இன்ஜின் பாகங்கள். அவள் வீட்டுக்காரர் வாங்கி, முடியாமல் போட்டு வைத்தது. "உனக்குத்தான் பத்த வைக்கத் தெரியுமே, எடுத்துக்கோ" என்றாள். மூன்று மாதத்தில் அது ஒரு டீசல் இன்ஜினாக நின்றது. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

தண்டவாளம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மேசை மட்டத்துக்குக் குனிந்து, இடக் கண்ணை மூடி, வலக் கண்ணால் தண்டவாளத்தின் நீளத்துக்குப் பார்க்க வேண்டும். தச்சர்கள் பலகையைப் பார்ப்பதைப் போல. அன்று அப்படிப் பார்த்தபோது இரண்டாவது பிளாட்பாரத்தின் அருகே இரண்டு தண்டவாளங்களும் உள்ளே கிள்ளியதுபோல ஒடுங்கியிருந்தன.

முந்தின நாள் சின்னையா துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த அறை வழியாகப் போனது ஞாபகம் வந்தது.

"ஏங்க, கூடையை மேசை மேல வச்சீங்களா?"

"நான் ஏன் வைக்கிறேன்?"

"வச்சிருக்கீங்க. தண்டவாளம் நசுங்கி இருக்கு."

"தனம், நான் தொடவே இல்ல லா."

நான் நம்பவில்லை. அந்தப் பகுதியைப் பெயர்த்து எடுத்துப் புதிதாகப் பதித்தேன். மறுநாள் பார்த்தால் மறுபடியும் ஒடுங்கல். இன்னொரு முறை பெயர்த்தேன். கிட்டத்தட்ட இரண்டு வாரம் அவரிடம் சோறு, குழம்பு, மருந்து தவிர வேறு பேச்சில்லை.

கடைசியில் அவரே ஒரு நாள் ஃபேக்டரியிலிருந்து நான் கொண்டுவந்த இரும்பு ஸ்கேலை எடுத்துத் தண்டவாளத்தின் மேல் வைத்தார். "நீயே பாரு" என்றார்.

குனிந்து, இடக் கண்ணை மூடிப் பார்த்தேன். ஸ்கேலும் அதே இடத்தில் ஒடுங்கியிருந்தது.

நிமிர்ந்து சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். கட்டங்கள் நடுவில் சுருங்கியிருந்தன. கண்ணை மாற்றி மூடினேன். எல்லாம் நேராகிவிட்டது. திரும்ப மாற்றினேன். சின்னையாவின் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் புகைத் திட்டு.

"என்னா?" என்றார்.

"தண்டவாளம் சரியாத்தான் இருக்கு," என்றேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது கதவு நிலையோ, ஜன்னல் கம்பியோ, அச்சடித்த வரியோ வளைந்து தெரிந்தால், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். ஒன்றில் மட்டும் வளைந்தால் காத்திருக்காதீர்கள். நான் கணவரோடு சண்டை போட்டு இரண்டு வாரம் வீணடித்தேன்.

கண் டாக்டர் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண். யாழ்ப்பாணத்துத் தமிழ் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்த பேச்சு. சொட்டு மருந்து விட்டு, ஒரு கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, ஸ்கேன் (கண்ணின் பின்புறத்தைக் குறுக்காக வெட்டியதுபோல் காட்டும் படம்) எடுத்தார். திரையில் ஒரு வளைந்த படுகை தெரிந்தது. அதன் நடுவில் பாலத்துக்குக் கீழே மண் சரிந்ததுபோல ஓர் இடைவெளி.

"இது மாக்குலா துளை," என்றார். மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி; படிக்கவும் முகம் பார்க்கவும் நுண்ணிய வேலை செய்யவும் உதவுவது) என்கிற இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறதாம். கண்ணுக்குள் நிரம்பியிருக்கும் ஜெல்லி வயதாக ஆகச் சுருங்கும். சிலருக்குச் சுருங்கும்போது விழித்திரையைப் பிடித்து இழுத்துவிடும்.

"சோல்டர் வேலை செஞ்சதாலயா டாக்டர்? பூதக்கண்ணாடி வச்சிப் பார்த்ததாலயா?"

"இல்லை. நீங்கள் சும்மா இருந்திருந்தாலும் வந்திருக்கும்."

"துளை எவ்வளவு பெருசு?"

"அரை மில்லிமீட்டருக்கும் குறைவு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஜினின் கைப்பிடிக் கம்பிகளுக்காக அதே அளவு துளைகளைத்தான் நான் வாரக் கணக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் அரை மில்லி டிரில் ஊசியை எடுத்துக் காட்டினேன். டாக்டர் அதை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப நான் செய்யப்போறது உங்களுக்கு நல்லா விளங்கும். ஜெல்லியை எடுப்பன். துளையைச் சுற்றி ஒட்டியிருக்கிற மெல்லிய தோலை உரிப்பன். பிறகு கண்ணுக்குள்ள வாயு நிரப்புவன். அந்தக் குமிழி துளையை அழுத்திப் பிடிக்கும். ஆனா அது மேல் நோக்கித்தான் மிதக்கும். கண்ணின் பின்பக்கம் மேலே வர வேணும் எண்டா நீங்கள் குப்புறக் கிடக்க வேணும். ஒரு கிழமை, ஏழு நாள்."

"மூடலேன்னா?"

அவர் சுற்றி வளைக்கவில்லை. "பெரும்பாலும் மூடும். மூடாட்டி நடுப்பார்வை திரும்பாது. நீங்கள் செய்யிற மாதிரி நுண்ணிய வேலைக்கு அந்தக் கண் உதவாது."

வெளியே தாழ்வாரத்தில் மருந்துச் சீட்டுக்குக் காத்திருந்தபோது சின்னையாவிடம் சொன்னேன். "துணிக் கூடை விஷயம். நான்தான் தப்பு."

"சூசா இல்ல," என்றார். பெரிய தொந்தரவு ஒன்றுமில்லை என்பதற்கு அவர் எப்போதும் சொல்லும் மலாய்ச் சொல். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இனி அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்னு எழுதிக் குடு," என்றார்.

அறுவைக்கு மயக்கம் கொடுக்கவில்லை. கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். வலி இல்லை. ஆனால் தெரிந்தது. கண்ணுக்குள்ளேயே கருவிகளின் நிழல்கள் வந்து போயின. ஒன்று என் சாமணத்தைப் போலவே கூர்நுனியை விரித்து எதையோ கவ்வி, மெதுவாக, மிக மெதுவாக இழுத்தது. அந்தக் கை நடுங்கவில்லை. பயத்தைவிட எனக்கு மரியாதைதான் அதிகமாக வந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிஷம் குப்புற. பத்து நிமிஷம் எழுந்து சாப்பிட, குளிக்க, சொட்டு மருந்து விட. தூக்கமும் குப்புறத்தான். கண்ணைவிடக் கழுத்துத்தான் வலிக்கும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சின்னையா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் நீச்சல் வளையத்தை இரவல் வாங்கி, இரண்டு நாற்காலிக்கு நடுவே கட்டி, அதில் என் முகத்தைப் பதிக்க வைத்தார். வளையத்தில் டைனோசர் படம். வேகமாக மூச்சுவிட்டால் ரப்பர் நாற்றம் அடிக்கும். மற்றபடி மருத்துவக் கடையில் கிடைப்பதைவிட நன்றாக இருந்தது.

முதல் இரண்டு நாள் தரையின் டைல்ஸைப் பார்த்தேன். வந்தவர்களைக் கால் பார்த்து அடையாளம் தெரிந்துகொண்டேன். மூன்றாம் நாள் காலை சின்னையாவின் கால்கள் தடுமாறிக்கொண்டு வந்தன. லெவல் கிராசிங் பகுதி தனிப் பலகையில் இருந்தது. அதைக் கழற்றித் தூக்கிவந்து என் முகத்துக்கு நேர் கீழே தரையில் வைத்தார்.

"சொல்லு, என்ன செய்யணும்?" என்றார்.

ஸ்கேலை வைத்துக் காட்டிய அந்த ஒரு நாளைத் தவிர, அதுவரை அவர் அந்த மேசையில் விரல் வைத்ததில்லை. விளையாட்டுச் சாமான் என்றுதான் சொல்லுவார். இப்போது என் இடக் கண்ணுக்குக் கீழே, அவருடைய தடித்த விரல்கள் பசையும் பச்சைத் தூளும் பூசிக்கொண்டு நெல் நட்டன.

"பச்சை அதிகம். அங்க இப்படியா இருக்கும்?"

"நீ ரயிலை மட்டும் பார்த்திருக்க. வயலை நான் பார்த்திருக்கேன். தண்ணி கட்டி ஒரு மாசத்துல இப்படித்தான் இருக்கும்."

அவர் சொன்னது சரி. ஒத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மதியம் கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்கியவள், விழித்தபோது மல்லாந்து கிடந்தேன். மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். அழக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களா என்றுகூட அந்த நேரத்தில் யோசித்தேன்.

சின்னையா கிளினிக்குக்கு ஃபோன் செய்தார். நர்ஸ் டாக்டரைக் கேட்டு வந்து சொன்னார்: திரும்பக் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள், ஒரு தடவைக்கு எல்லாம் முடிந்துபோகாது, துளை மூடியதா என்பது குமிழி சின்னதான பிறகுதான் தெரியும். அதாவது, சில வாரம் தெரியாமல் இருக்க வேண்டும்.

அன்று முதல் பகலில் நான் தூங்கிவிடாமல் இருக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். முப்பத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஃபேக்டரி பஸ் ஓட்டிய காலத்தைச் சொன்னார். விடியுமுன் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் வாசல்களில் பெண்களை ஏற்றி ஜெலாப்பாங்குக்குக் கொண்டுவருவார். நானும் அந்தப் பஸ்ஸில் வந்தவள்தான்.

"நீ மூணாவது சீட்டு, ஜன்னல் பக்கம். ஏறின உடனே தூங்கிருவ. உன்னைய இறக்கி விடத்தான் நான் தினமும் ஹார்ன் அடிச்சேன்."

"எல்லாருக்கும்தானே அடிச்சீங்க?"

"மத்தவங்க முழிச்சிருந்தாங்க லா."

மறுநாள் அட்டையை வெட்டி அந்தப் பஸ்ஸைச் செய்ய ஆரம்பித்தார். முதல் பஸ் ஸ்டேஷன் கூரையைவிட உயரம். இரண்டாவது நீளமாகப் போய்விட்டது. அளவை எண்பத்தேழால் வகுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஃபோனில் கணக்குப் போட்டு, முனகிக்கொண்டே மூன்றாவதைச் செய்தார். தரையில் வைத்தபோது லெவல் கிராசிங் கதவுக்கு முன்னால் அது சரியாக நின்றது.

"ஹார்ன் எங்க?" என்றேன். வளையத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பது கஷ்டம். டைனோசர் கீச்சென்று சத்தம் போட்டது.

கிழமை முடிந்து நிமிர்ந்தபோது வலக் கண் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. நாளாக ஆக மேலே ஒரு கோடு தெளிந்து, கோடு மெல்ல இறங்கியது. அதற்கு மேலே உலகம், கீழே தளும்பும் குமிழி. தலையை ஆட்டினால் அதுவும் ஆடும். குமிழி இருக்கும்வரை விமானம் கூடாது, உயரமான மலையும் கூடாது. வாயு விரிந்து கண்ணை அழுத்திவிடும். சின்னையாவின் தம்பி மகள் நிச்சயதார்த்தம் கேமரன் மலையில் வைத்திருந்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த தடையோடு நான் வீட்டில் இருந்து, மூன்று மணி நேரம் நிம்மதியாக வண்டிச் சக்கரங்களுக்குத் துரு நிறம் பூசினேன், இடக் கண்ணால். குளிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் தப்பியது அந்த வருஷத்தின் பெரிய லாபம்.

எட்டாவது வாரத்தில் ஒரு காலை, பல் தேய்க்கும்போது குமிழி கடுகளவு இருந்தது. மத்தியானம் தேடினேன், இல்லை.

அடுத்த நாள் ஸ்கேன். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். படுகை சேர்ந்திருந்தது. கொஞ்சம் மேடு பள்ளம், ஆனால் இடைவெளி இல்லை.

"மூடிட்டுது," என்றார். "என்ர வேலை எப்பிடி?"

"எங்க ஃபேக்டரியில உங்களுக்கு வேலை கிடைச்சிருக்கும் டாக்டர்," என்றேன். அவர் சத்தமாகச் சிரித்தார். பக்கத்தில் சின்னையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

முழுவதும் பழையபடி ஆகவில்லை. எழுத்துகள் வந்துவிட்டன, முகங்கள் வந்துவிட்டன. கோடுகளில் மட்டும் ஒரு சின்ன நெளிவு மிச்சம். டம்ளரை எடுக்கப் போகும்போது நினைத்ததற்கு ஒரு விரற்கடை முன்னாலேயே அது கையில் தட்டுகிறது. இப்போது என் விரல்கள் எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புகின்றன. இந்த அறுவை செய்த கண்ணில் ஒன்றிரண்டு வருஷத்தில் புரை (கண்ணின் லென்ஸ் மங்குவது) வரும் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். அதையும் எடுத்துவிடலாமாம். அதனால் வேலையின் வரிசையை மாற்றிவிட்டேன். நுண்ணியது எல்லாம் இப்போது, மரமும் புதரும் பிறகு. முன்பெல்லாம் ஸ்டேஷன் எப்போது முடியும் என்று மாதக் கணக்கு வைத்திருந்தேன். இப்போது ஐம்பது நிமிஷம் வேலை, பத்து நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்து தேநீர். அந்த ஐம்பதுக்குள் ஒரு காரியம் முடிந்தால் அன்றைய நாள் எனக்குப் போதும். முடியாவிட்டாலும் தேநீர் உண்டு.

போன வாரம் ரயில் பாதைக்கு மேலே போகும் மின்கம்பியைக் கட்டத் தொடங்கினோம். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த செம்புக் கம்பி. சின்னையா மறுமுனையைச் சாமணத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார். நான் சோல்டர் கம்பியோடு முதல் தூணருகே குனிந்தேன்.

"நேரா இருக்கா?" என்று கேட்டார்.

"எனக்கு இல்ல. உங்களுக்கு?"

அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடி, கம்பியின் நீளத்துக்கு நிதானமாகப் பார்த்தார்.

"நேரா இருக்கு."

"அப்ப அசையாதீங்க," என்று சொல்லிப் பற்றவைத்தேன்.