கும்பத்துக்கு முன்னால் வைத்த புத்தகங்கள்

இதை எழுதவா விடவா என்று பல வருஷம் தயங்கினேன். கொப்பியைத் திறப்பேன், வீட்டு விஷயமல்லவா என்று மூடிவிடுவேன்.

தொண்ணூறுகளில் இந்த வெளிநாட்டில், வோபர்ன் என்கிற இடத்தில் ஒரு அப்பாட்மென்ற்றில் இருந்தோம். மகள் யூனிவர்சிற்றியில் மூன்றாம் வருஷம். டொக்டருக்குப் படிக்கப் போவதற்கு முன் உயிரியல் படிக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள், நம்பினேன். வெள்ளிக்கிழமைகளில் இவர் காரில் றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் கூட்டிப்போவார். அவள் பெயருக்கு அர்ச்சனை செய்வேன். கேட்டவர்களுக்கெல்லாம் பிள்ளை டொக்டருக்குப் படிக்கிறாள் என்பேன்.

நவராத்திரியில் கும்பம் வைத்து, சரஸ்வதி பூசையன்று அவள் தருகிற புத்தகங்களை அடுக்கிப் பூ வைப்பேன். விஜயதசமி வரை ஒருவரும் தொடக்கூடாது. அந்த வருஷம் விஜயதசமி காலையில் மேல் புத்தகத்தில் குங்குமம் கொட்டிவிட்டது. துடைக்கத் திறந்தால், முதல் பக்கத்தில் ஐந்தாம் மாடியில் இருக்கிற அவளின் சினேகிதியின் பெயர். அடுத்ததிலும் அதே பெயர். மகளின் கட்டிலடியில் குனிந்து பார்த்தேன். அவளுடைய புத்தகங்கள் அங்கே கிடந்தன. எல்லாம் ஆறும் மலையும் நாட்டுப் படங்களும்.

எழுப்பிக் கேட்டேன்.

"ஓம் அம்மா. நான் படிக்கிறது புவியியல். முதல் வருஷத்திலயிருந்தே."

"என்னட்டைச் சொன்ன பொய் கிடக்கட்டும். சரஸ்வதிக்கு முன்னால ஆரின்ரயோ புத்தகத்தை வைச்சனியே?"

அவள் தலை குனிந்தாள். "என்ரயை வைச்சா நீங்கள் படத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சிடுவியள். அப்பாவுக்குத் தெரியும்."

அதுதான் என்னை முறித்தது. மூன்று வருஷமும் பக்கத்தில் நின்று மணியடித்தவர் இவர். கேட்டதற்கு, "உனக்குச் சொன்னா கோயில் முழுக்கத் தெரிஞ்சிடும்" என்று சிரித்துச் சமாளித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பூக்களெல்லாம் யாருக்குப் போயின என்று கும்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் அவளின் நாட்டுப் படப் புத்தகங்களை நானே எடுத்து வைத்தேன். பூ வைத்தேன். பழைய மனம் வரவில்லை. இவர் மணியடித்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

இப்போது சனம் இதை வேறு மாதிரிக் கதைக்கிறது. பெட்டை சோதனையில் பெயிலாம், வீட்டைவிட்டுப் போனாளாம். அப்படி ஒன்றுமில்லை. அவள் பட்டம் எடுத்தாள், படித்ததில் ஒரு குறையுமில்லை. என்னைத்தான் மூன்று வருஷம் ஏமாற்றினார்கள். யாருக்காவது சொன்னால் இதை இப்படியே சொல்லுங்கோ. அவள் மேல் ஒன்றும் கூட்டவேண்டாம், எனக்காக ஒன்றும் குறைக்கவும் வேண்டாம்.