தராசுக்காரரின் தோள்வலி

கடைத்தெருவில் அவருக்குத் தராசு என்று பெயர். எடை, அளவுகளைச் சோதிக்கும் அரசாங்க ஆய்வாளர். அவர் தெருமுனையில் தலைகாட்டினால் போதும், பல கடைகளில் தட்டுகள் தாமாகவே நேர்மைக்குத் திரும்பிவிடும். தட்டின் அடியில் ஒட்டிய மெழுகு, கல்லுக்குப் பின்னால் ஒளித்த காந்தம், பேச்சுக் கொடுத்துக்கொண்டே அழுத்தும் கட்டைவிரல் என்று எல்லாவற்றையும் பிடித்துப் பழகியவர். இத்தனை வருட உத்தியோகத்தில் உலகத்தைப் பற்றி அவர் கண்ட முடிவு ஒன்றுதான்: எவனும் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுப்பான். வீட்டுக்கு வரும் பாலைக்கூட அளந்த பிறகுதான் அடுப்பில் வைக்க விடுவார். ஆனால் தான் சொல்வதை மட்டும் மற்றவர்கள் அப்படியே நம்ப வேண்டும். இதில் முரண்பாடு ஏதாவது இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஐம்பதைத் தாண்டியதும் அவருக்கு ஒரு சோர்வு வந்தது. மத்தியானமானால் நாற்காலியிலேயே தலை தொங்கியது. திருட்டுத் தராசைக் கண்டால்கூடக் கோபம் வரவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. பெரிய ஆஸ்பத்திரியில் ஹார்மோன் பிரிவு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஆண் ஹார்மோன் குறைவாக இருக்கும் போலிருக்கிறது, இன்னொரு நாள் காலையிலும் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்.

"ஏன், உங்க மெஷின் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு. இந்த ஹார்மோன் காலையில ஏறும், சாயங்காலம் இறங்கும். ஒருநாள் எடுத்ததை வச்சுச் சொல்ல முடியாது."

நேரத்துக்கு ஒரு எடை காட்டும் சரக்கை அவர் அதுவரை கண்டதில்லை. அதை விற்றவனைப் பிடித்து அபராதம்தான் போட்டிருப்பார்.

மறுபடி எடுத்தபோதும் குறைவுதான். அங்கே ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. தோளில் தடவிக்கொள்ளும் ஜெல். பாதிப் பேருக்கு மருந்து கலந்தது, பாதிப் பேருக்கு வெறும் ஜெல். ஆராய்ச்சி நர்ஸ் நிதானமாக விளக்கினார்.

"எனக்கு எது?"

"தெரியாது சார்."

"குடுக்கிற உங்களுக்கே தெரியாதா?"

"தெரியக்கூடாது. தெரிஞ்சா என் மூஞ்சியப் பாத்தே நீங்க கண்டுபிடிச்சிருவீங்களே."

என்ன சரக்கு விற்கிறோம் என்று தெரியாததையே பெருமையாகச் சொல்லும் கடையை அவர் பார்த்ததில்லை. வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கலாம். ஆனால் உள்ளே இருந்தால்தான் ஆளைப் பிடிக்க முடியும் என்பது தொழிலில் கற்ற பாடம். கையெழுத்துப் போட்டார். தடவியதும் கையைக் கழுவணும், காய்ந்த பிறகு சட்டை போடணும், வேறு யார் உடம்பிலும் படக்கூடாது, முக்கியமாக வீட்டுப் பெண்கள் தொடக்கூடாது, அவர்களிடமும் சொல்லி வையுங்கள் என்றெல்லாம் நர்ஸ் சொன்னார். தலையை ஆட்டினார்.

வீட்டில் சொன்னது வேறு. "தோள்வலி. புது மருந்து. ஆராய்ச்சி பண்றாங்க."

தனக்குக் குறைவது இன்னதென்று மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. ஊரெல்லாம் குறைந்த எடையைக் கூப்பாடு போட்டுச் சொன்னவர், தன் கணக்கில் விழுந்த குறையை மட்டும் சட்டைக்குள் மூடிக்கொண்டார்.

மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம் என்று காலையிலிருந்து மைக்கில் சொல்லும் குரல் அவளுடையது. மெல்லிய, தெளிவான குரல். சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கண்டக்டர்களும் அந்தக் குரலுக்கு ஒரு நிமிஷம் வாயை மூடுவார்கள். பல வருஷமாக மைக்கை நோக்கிக் குனிந்து உட்கார்ந்ததில் அவளுக்குத்தான் உண்மையிலேயே தோள்வலி.

"எனக்கும்தாங்க வலிக்குது. எனக்கு யார் ஆராய்ச்சி பண்றா?" என்றாள்.

அவர் சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

மாதம் ஒன்று போனது. மத்தியானத் தூக்கம் போகவில்லை. கோபமும் திரும்பி வரவில்லை. தனக்கு வந்திருப்பது வெறும் ஜெல்தான் என்று முடிவு கட்டினார். ஒருநாள் பாட்டிலைத் தூக்கினால் இலேசாக இருந்தது. ஆபீஸ் தராசில் வைத்தார். நாளுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்று கழித்துப் பார்த்தால் கணக்கு உதைத்தது. ஆகா, வெறும் ஜெல்லிலும் எடை குறைக்கிறார்கள்! அன்று வெகு நாளைக்குப் பிறகு அவருக்குக் கோபம் வந்தது. ஜெல் வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளமோ என்று அவர் யோசிக்கவில்லை.

வீட்டில் வேறு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. தோள்வலிக்காரன் எதற்கு மாதாமாதம் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறான்?

"அந்த ஆஸ்பத்திரி சிஸ்டருக்கு என்ன வயசுங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நான் என்ன, வயசா கேட்டேன்?"

"கேக்காமயே தெரிஞ்சிருக்குமே. எடையப் பாத்தே சொல்ற ஆளாச்சே நீங்க."

அப்படிக் கேட்ட குரல் கரகரத்தது. தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது என்றாள். தொண்டை டாக்டர் ஒரு சிரப் எழுதினார், பிறகு இன்னொன்று. தராசு இரண்டு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தண்ணீர் என்றார். இரண்டு மாதமாகியும் கட்டு விடவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நெடுநேரம் நிற்பது அவர் கண்ணில் பட்டது. யாருக்காக இந்த அலங்காரம் என்று அவர் மனசு ஓடியது. முளைத்த பூனைமீசையை அவள் பிடுங்கிக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரியவந்தது.

பேருந்து நிலையத்தில் மேலாளர் மரியாதையாகத்தான் சொன்னார். "குரல் சரியாகிற வரைக்கும் டிக்கெட் கவுன்டர்ல உக்காருங்கம்மா. மைக்குக்கு ஒரு பொண்ணைப் பாத்துக்கிட்டிருக்கோம்." அன்று இரவு அவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள். மைக் போனால் அவளுக்கு என்ன மிச்சம் என்று அவருக்கும் தெரியும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் வேறு ஊர் போக வேண்டிய பேருந்தைத் தவறவிட்டு அவளைக் கல்யாணம் செய்துகொண்டவர்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவர் போனது சண்டை போடத்தான். பழைய பாட்டிலை மேஜைமேல் வைத்தார். அவர் வாயைத் திறக்குமுன் நர்ஸ் அதை எடுத்துச் சின்னத் தராசில் வைத்தார். திரும்பி வரும் பாட்டிலை எடை போடுவது அங்கே வழக்கமாம். தொழில்முறையில் அந்த வழக்கத்தை அவரால் மெச்சாமல் இருக்க முடியவில்லை.

"போன தடவையும் இடிச்சுது, கை தவறிக் கூட அழுத்தியிருப்பீங்கன்னு விட்டுட்டேன். இப்பவும் இடிக்குது. சொன்னதுக்கு மேல தடவுறீங்களா சார்?"

"நானா? நீங்கதான் குறைச்சு ரொப்பறீங்க. என் ஆபீஸ் தராசு பொய் சொல்லாது."

நர்ஸ் புதுப் பாட்டில் ஒன்றை அவர் கண்ணெதிரே தராசில் வைத்தார். அச்சடித்த எடைக்கு இம்மி பிசகவில்லை. கட்டைவிரல் எங்காவது படுகிறதா என்று அவர் குனிந்துகூடப் பார்த்தார்.

"வீட்ல வேற யாராவது எடுக்கிறாங்களா?"

"வீட்ல நானும் அவளும்தான்."

"அவங்க எப்படி இருக்காங்க?"

"அவளுக்கு என்ன, தொண்டைதான் கட்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வீட்ல சொல்லியிருக்கீங்கதானே, இது என்ன மருந்துன்னு?"

அவர் அந்தச் சின்னத் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முன்னால் எத்தனையோ கடைக்காரர்கள் அப்படி நின்றிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இந்தா, அந்த பாட்டில நீ தொட்டியா?"

"தொடாம? தெனம் காலையில நீங்க போனதும் தோளுக்கும் கழுத்துக்கும் போடுவேன். சில்லுனு இருக்கும். வலி பாதி போயிருச்சு."

"அது தோள்வலி மருந்து இல்ல."

"அப்ப என்ன மருந்து?"

சொன்னார். முழுவதும் சொன்னார். அவள் கையை உதட்டுக்கு மேலே வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த சிஸ்டர்..."

"அவங்க மருந்து குடுக்கிறவங்க. அவ்வளவுதான்."

"எவளாவது இருந்திருந்தாக்கூடத் தேவலாம் போலிருக்கே," என்றாள் அந்தக் கரகரத்த குரலில். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அவள் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஆண் ஹார்மோன், பெண்ணுக்கு இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு. தராசுக்கு வந்தது எந்த பாட்டில் என்று எழுதி மூடி வைத்திருந்த ரகசிய உறையைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அசல் சரக்கு, முழு எடை. வாழ்க்கையில் முதல்முறையாக ஏமாற்றாத ஒரு கடையில் அவர் வாங்கியிருந்தார். ஏமாற்றியது வாங்கியவர்.

"மீசை, முகப்பரு எல்லாம் போயிடும்," என்றார் டாக்டர். "குரல் எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. தடிச்ச குரல்நாண் சில பேருக்குப் பழையபடி ஆகிறதில்ல." தராசுக்காரரை ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார்கள். மருந்தை வேறு விதமாக, ஊசியாகப் போட ஏற்பாடாயிற்று. அந்த ஊசி மருந்தின் அட்டையை இப்போது முதலில் வாசிப்பது அவள்தான். பிறகு துண்டுதுண்டாகக் கிழித்துப் போடுவாள். ஏன் கிழிக்கிறாள் என்று கேட்க அவருக்குத் தைரியமில்லை.

மைக்குக்கு எடுத்த பெண் சேர்ந்த ஒரு வாரத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டதால் மேலாளர் அவர் மனைவியையே திரும்ப உட்காரவைத்தார். கட்டு ஓரளவு விட்டிருந்தது, முழுக்க இல்லை. சாயங்காலங்களில் தராசு பேருந்து நிலையத்துப் பெஞ்சில் போய் உட்காருகிறார். அங்கே ஒரு சங்கடம். பிக்பாக்கெட் ஜாக்கிரதை என்ற அறிவிப்பு எப்போதோ பதிவு செய்தது, அது பழைய குரல். வண்டி அறிவிப்பு நேரடி, அது புதுக் குரல். இரண்டும் மாறி மாறி வரும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் எடை போட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் வேலை முடிந்து அவள் பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டுல எது நல்லாயிருக்கு? உண்மையச் சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"பொய்."

அவர் வாயைத் திறப்பதற்குள் ஒலிபெருக்கியில் பழைய குரல் இனிமையாக ஆரம்பித்தது: உங்கள் உடைமைகளை நீங்களே கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அது முடியும்வரை இருவரும் கேட்டார்கள்.

"அதுதான்," என்றார் தராசு, தரையைப் பார்த்தபடி. "பழசுதான்."

அவள் தலையை ஆட்டினாள். இந்தத் தடவை நம்பினாள்.