டார் எஸ் சலாமுக்குப் போன மூணு பர்னர் அடுப்பு

நாற்பத்தொன்பது வயதில் பட்டுவுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தது. சேலையூரில் ஒரு பள்ளியில் இருபத்து மூன்று வருஷம் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தவள். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டாள், இரண்டு வீடியோ இன்டர்வியூவில் பதில் சொன்னாள், தான்சானியாவின் டார் எஸ் சலாமில் இந்தியப் பாடத்திட்டம் நடத்தும் ஒரு பள்ளிக்குத் தேர்வாகிவிட்டாள். பேங்க்கிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி வந்திருந்த அவள் கணவர் தோத்தாத்ரிக்கு ஒரே குஷி. "நான் அவளோட டிபென்டன்ட்!" என்று கேம்ப் ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சண்டை வந்தது அடுப்பால்தான்.

நாலு மாசத்துக்கு முன்புதான் பட்டு அந்த மூணு பர்னர் அடுப்பை வாங்கியிருந்தாள். எவர்சில்வர் உடம்பு, பித்தளை பர்னர். கல்யாணம் ஆனதிலிருந்து ரெண்டு பர்னரில் சாதமும் குழம்பும் வைத்து, காபிக்குப் பால் காய்ச்ச ஒன்றை இறக்கி ஏற்றிக் காலம் தள்ளியவள் அவள். அந்த மூன்றாவது பர்னரை விட்டுவிட்டுப் போவதாக இல்லை.

"அடுப்பையா? ஃப்ளைட்லயா? பட்டு, அந்த ஊர்ல அடுப்பே விக்கலையா?"

"விக்கறதாம். சினேகாவைக் கேட்டேன். அவ வாங்கினதுல குக்கர் வச்சா ஆட்டம் காணறதாம். அங்கயும் சிலிண்டர் கேஸ்தான். ரெகுலேட்டர் மட்டும் அங்க வாங்கிக்கணும்." சினேகா அவளுடைய பழைய மாணவி. இப்போது அதே பள்ளியில் கணக்கு டீச்சர்.

"ஏர்போர்ட்ல தூக்கிப் போட்டுடுவா."

"கேஸ் வாசனை துளி இருந்தாக்கூடப் போடுவா. இருக்காது. நான் பாத்துக்கறேன்."

ஏர்லைன்ஸுக்கு ஃபோன் போட்டுக் கேட்டாள். சிலிண்டரும் ரெகுலேட்டரும் கூடாது, அடுப்பைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்திருந்தால் செக்-இன் பெட்டியில் வைக்கலாம், கடைசி முடிவு செக்யூரிட்டியின் கையில் என்றார்கள். அன்றைக்கே ஸ்பானரை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். பள்ளி லேபில் எத்தனை பன்சன் பர்னரைப் பிரித்து மாட்டியவள்! கேஸ் பீறிடும் துளையுள்ள ஜெட், குழாய், குமிழ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மாடி வெயிலில் ரெண்டு நாள் காயவைத்தாள். மூன்றாம் நாள் ஒவ்வொன்றையும் தோத்தாத்ரியின் மூக்கிடம் நீட்டி, "வாசனை வரதா?" என்று கேட்டாள்.

"எலுமிச்சம்பழ வாசனைதான் வரது" என்றார் அவர், மனசே இல்லாமல்.

புறப்படும் நாளில் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் அடுப்புப் பெட்டியைத் தராசில் வைத்ததும் கவுன்டர் பெண் தலையாட்டினாள். "ஒன்றரை கிலோ அதிகமா இருக்கு மேடம்."

பட்டுவுக்கு முகம் விழுந்துபோயிற்று. தோத்தாத்ரி சட்டென்று தன் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தார். பிரின்சிபாலைப் பார்க்கும்போது போட்டுக்கொள்ள வைத்திருந்த கனத்த கம்பளிக் கோட்டை வெளியே உருவினார். மே மாத வெயிலில் அதை மாட்டிப் பொத்தானும் போட்டுக்கொண்டார். அது இருந்த இடத்தில் அடுப்பின் இரும்புத் தாங்கிகள் மூன்றும் கச்சிதமாக உட்கார்ந்தன.

"ஏன்னா, வேர்த்துக் கொட்டப்போறது!"

"கொட்டட்டும். உன் மூணாவது பர்னர் வரணுமோல்லியோ?"

கோட்டும் வேர்வையுமாக நின்ற அவரைப் பார்த்துக் கவுன்டர் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. ஸ்கேனரைத் தாண்டிய பெட்டிக்காகப் பட்டுவைக் கூப்பிட்டார்கள். ஓர் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். "இன்னாம்மா இது, அடுப்பா?"

"ஆமாம் சார். ஜெட்டெல்லாம் கழட்டி, டவல்ல சுத்தித் தனியாப் பையில போட்டிருக்கேன். மோந்து பாருங்கோ."

அவர் குனிந்து ஒரு குழாயை முகர்ந்து பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். அவர் நிமிர்ந்து, "எங்க வூட்டு அடுப்புகூட இவ்ளோ சுத்தமா இல்லம்மா. மூடிக்கோங்க" என்றார்.

டார் எஸ் சலாமில் இறங்கிய மறுநாள் சினேகாவோடு கடைக்குப் போய்ச் சிலிண்டரும் ரெகுலேட்டரும் வாங்கி வந்தாள். அடுப்பை மாட்டி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் லைட்டரை எடுத்தாள். முதல் பர்னர் குப்பென்று பற்றிக்கொண்டது, ரெண்டாவதும் அப்படியே. மூன்றாவது மட்டும் மூச்சே விடவில்லை.

"போச்சு!" என்றார் தோத்தாத்ரி. இவ்வளவு தூரம் கோட்டோடு வந்தவருக்கு அவளைவிட அதிக ஏமாற்றம்.

பட்டு சிலிண்டரை மூடினாள். ஜெட்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துளையில் துண்டு நூல் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது; ஜெட்டுகளை அவள் டர்க்கி டவலில் சுற்றியல்லவா கொண்டுவந்திருந்தாள்! ஊசி நுனியால் நூலை இழுத்தெடுத்து, ஊதி, மறுபடி மாட்டிப் பற்றவைத்தாள். நீல வளையமாகச் சீராக எரிந்தது. பட்டு சின்னப் பெண்போலக் கைதட்டினாள். அன்று ஒன்றில் சாதம், ஒன்றில் சாம்பார், ஒன்றில் பால் என்று மூன்றும் சேர்ந்தாற்போல ஏறின. சாம்பார் வாசனைக்கு மாடி வீட்டு டீச்சர் குடும்பம் இறங்கி வந்து எட்டிப் பார்த்தது.

இப்போது பட்டு காலை ஏழு மணிக்கே பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறாள். சமையல் தோத்தாத்ரியின் பொறுப்பு. ரசம் நன்றாக வருகிறது, புளிக்குழம்பில் இன்னும் கை சேரவில்லை. ஊருக்கு லீவில் போகும் ரெண்டு டீச்சர்கள் தாங்களும் அடுப்பு கொண்டுவரப்போகிறார்களாம். அவர்களுக்காகப் பட்டு எதைக் கழற்றுவது, எப்படிக் கழுவுவது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஜெட்டை டவலில் சுற்றாதீர்கள் என்பதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடு.